தண்ணீர் ஒட்டாத மணலில் லூபின் விவசாயம்!

ஒரு கைப்பிடி காய்ந்த மணலை அள்ளிக் குவித்து, அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் என்ன ஆகும்? சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும் என்றுதான் யாரும் சொல்வார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை வட்டாரத்தில் பல நிலங்களில் அப்படி நடப்பதில்லை. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி, சொட்டு முத்தாக மேலேயே உட்கார்ந்திருக்கும். மழை பெய்து முடித்த பிறகு காலால் கிளறிப் பார்த்தால், இரண்டு விரல்கடைக்குக் கீழே புழுதி பறக்கும்.

காரணம், மெழுகு. இலை, வேர், தாள் எல்லாம் மக்கும்போது அவற்றிலிருக்கும் மெழுகுப் பொருள் மணல் துகள்களின் மேல் பூசிக்கொள்கிறது. களிமண்ணில் துகள்கள் மிக நுண்ணியவை என்பதால், மொத்தப் பரப்பு பெரிது. அத்தனையையும் மூட அந்த மெழுகு போதாது. மணலுக்குக் கொஞ்சமே போதும். ஜெரால்ட்டன் பக்கத்து மணற்சமவெளியிலிருந்து தெற்கே எஸ்பெரன்ஸ் கடற்கரை வரை பல லட்சம் ஹெக்டேரில் இந்தத் தொல்லை இருக்கிறது. பாசனம் கிடையாது. மே முதல் அக்டோபர் வரை பெய்கிற குளிர்கால மழைதான் எல்லாம். முழுக்க முழுக்க மானாவாரி.

இந்த மண்ணில் விடாப்பிடியாக நிற்கிற பயறுதான் லூபின். துவரை, உளுந்து வகையறா. ஆணிவேர் ஆழமாக இறங்கும், புளிப்பு மண்ணைத் தாங்கும், காற்றிலிருக்கும் தழைச்சத்தை வேர் முடிச்சில் சேர்க்கும். ஆனால், இது பழங்காலத்துப் பயிர் இல்லை என்றால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். காட்டுச் செடியாக இருந்த குறுகிய இலை லூபினில் விதை கசக்கும். காய் பழுத்ததும் வெடித்துச் சிதறும். கசப்பில்லாத செடிகளை ஜெர்மன் விஞ்ஞானிகள் முன்பே பிரித்தெடுத்திருந்தார்கள். வெடிக்காத காய், சீக்கிரம் முளைக்கும் மென்தோல் விதை, காட்டு லூபினிலிருந்து பார்த்தவுடன் பிரித்தறிய வெள்ளைப் பூ என்று ஒவ்வொரு குணமாகத் தேடிச் சேர்த்தவர், பெர்த் நகர ஆராய்ச்சியாளர் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ். 1967-ல் ‘யூனிவைட்’ ரகம் வந்தது. (மார்கரெட் ரிவர் பகுதி திராட்சைக்கு ஏற்றது என்று 1965-லேயே எழுதியவரும் இதே மனிதர்தான். இன்று உலகமே அந்த ஊர் ஒயினைப் பேசுகிறது!) வெறும் மேய்ச்சல் காடாகக் கிடந்த மணலில் லூபினும் கோதுமையும் மாறி மாறி விளைய ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

1990-களில் பத்து லட்சம் ஹெக்டேரைத் தாண்டியிருந்த பரப்பு, பிறகு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. கனோலா நல்ல விலைக்குப் போனது, காட்டு முள்ளங்கிக் களை மருந்துக்கு அடங்காமல் போனது, 1996-ல் ஆந்த்ராக்னோஸ் நோய் வேறு வந்தது. இதையெல்லாம் தாண்டி லூபின் போடுகிறவருக்கு லாபமா, நஷ்டமா என்பது பெரும்பாலும் முதல் ஆறு வாரத்திலேயே முடிவாகிவிடுகிறது. முளைப்பு சரியாக அமையாவிட்டால், பிறகு என்ன செய்தாலும் ஈடுகட்ட முடியாது.

புழுதியில் விதைப்பு

ஏப்ரல் கடைசியில் மழைக்குக் காத்திருக்காமல் காய்ந்த மண்ணிலேயே விதைக்கிறார்கள். சீக்கிரம் முளைத்தால்தான் கோடை வெயில் வருவதற்குள் காய் பிடிக்கும். தண்ணீர் ஒட்டாத மணலில் இது சூதாட்டம் மாதிரி. முதல் மழைக்கு ஒரு இடத்தில் விதை முளைக்கும், பக்கத்திலேயே ஒரு மாதம் அப்படியே கிடக்கும். களையும் அதே மாதிரி தவணை முறையில் முளைப்பதால், ஒரு முறை மருந்தடித்து வேலையை முடிக்க முடியாது. செடி இல்லாத திட்டுகளில் காற்று மணலை வாரி, பக்கத்துச் செடிகளின் மேல் ஊசி மாதிரி அடிக்கும்.

செலவு குறைந்த வைத்தியம், சால். கருவி சற்று ஆழமான சால் போட்டு, அடியில் விதையை வைத்து, அழுத்துச் சக்கரத்தால் அமுக்கிவிட்டுப் போகிறது. இரண்டு பக்க மேட்டிலும் விழுந்த மழை வழிந்து சாலுக்குள் வந்து நிற்கும். மணலைத் தண்ணீர் தள்ளுவதே இங்கே உதவியாகிவிடுகிறது. போன வருடத்துத் தாள் வரிசையை ஒட்டியே இந்த வருடமும் விதைப்பவர்கள் உண்டு. பழைய வேர் போன வழியில் ஈரம் இறங்கும். சாலில் சோப்புத் தன்மையுள்ள ஈரமூட்டும் திரவத்தைக் கோடாக ஊற்றுவதும் நடக்கிறது. ஆனால், எல்லா மண்ணிலும் ஒரே மாதிரி பலன் கிடைப்பதில்லை. சின்ன இடத்தில் பார்த்துவிட்டுச் செலவழிப்பதுதான் புத்திசாலித்தனம்.

துணிந்தவர்கள் மண்ணையே புரட்டிவிடுகிறார்கள். வளைபலகைக் கலப்பையால் ஒரு அடி ஆழத்துக்கு உழுது, மெழுகு மணலைக் கீழேயும் அடிமண்ணை மேலேயும் கொண்டுவருகிறார்கள். களை விதையும் கூடவே புதைந்துவிடும். பலன் பல வருடம் நிற்கும். சிலர் ஹெக்டேருக்கு நூறு, இருநூறு டன் என்று களிமண்ணைத் தோண்டி எடுத்துப் பரப்புகிறார்கள். அது பெரிய முதலீடு; களிமண் பக்கத்திலேயே கிடைத்தால்தான் கட்டுப்படியாகும்.

புரட்டிய முதல் வருடமே லூபின் போட்டுக் கையைச் சுட்டுக்கொள்வதும் உண்டு. மண் பொலபொலவென்று இருப்பதால் விதைக்கருவி அமிழ்ந்து, ஐந்து சென்டிமீட்டரில் விழ வேண்டிய விதை எட்டு, பத்துக்குப் போய்விடும். லூபின் தன் பருத்த விதையிலைகளைத் தலையில் சுமந்துகொண்டு மேலே வர வேண்டிய செடி. ஆழம் கூடினால் பாதி வழியிலேயே களைத்துவிடும். காற்றரிப்பும் அந்த வருடம்தான் அதிகம். அதனால், முதலில் தானியம் போட்டு மண்ணைக் கட்டிப்போட்ட பிறகு லூபினுக்கு வருவது பாதுகாப்பானது. அப்படி வரும்போது, வேர் முடிச்சு பாக்டீரியா புதைந்துபோயிருக்கும் என்பதால் விதைக்கு நுண்ணுயிர் நேர்த்தி அவசியம்.

சதுர மீட்டருக்கு 45

இலக்கு, சதுர மீட்டருக்கு 45 செடி. ஹெக்டேருக்கு நாலரை லட்சம். ஆயிரம் விதை 140 கிராம் எடை இருந்தால், 63 கிலோ போதும் என்று கணக்கு சொல்லும். முளைப்புத் திறன் 90 சதவிகிதம், முளைத்ததில் 80 சதவிகிதம்தான் நிலைக்கும் என்றால், 87 கிலோவுக்கு மேல் தேவை. இந்தக் கணக்கைப் போடாமல், வழக்கமான அளவிலேயே விதைத்து வயலைச் சொட்டையாக்குகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள்.

லாபக் கணக்கு இன்னும் சிக்கலானது. ஹெக்டேருக்கு ஒன்று, ஒன்றரை டன் விளையும் லூபினை மட்டும் பார்த்தால் கனோலா பக்கம்தான் மனம் போகும். அடுத்த வருடக் கோதுமைக்கு மிச்சமாகும் யூரியா, கோதுமை வேர் நோய்களின் சங்கிலி அறுந்து கூடும் மகசூல், அறுவடைக்குப் பிறகு ஆடு மேயும் தாள் எல்லாம் சேர்த்தால்தான் லூபினின் விலை தெரியும். மாவுச்சத்து ரொம்பக் குறைவு என்பதால், கோதுமையை அதிகம் தின்றால் வருவது போன்ற வயிற்று அமிலத் தொல்லை இதில் ஆட்டுக்கு வருவது அரிது. மனிதர் சாப்பிடும் லூபின் மாவும் இப்போது கடைகளில் கிடைக்கிறது. புரதம் நிறைய. ஆனால், வேர்க்கடலை ஒவ்வாமை இருப்பவர்கள் உஷாராக இருக்க வேண்டும். லூபினும் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பாக்கெட்டில் லூபின் என்று தெளிவாக அச்சிட வேண்டும் என்பது அங்கே சட்டம்.

அடுத்த வருட முளைப்புக்கான வேலை இந்த வருடக் காயிலேயே தொடங்கிவிடுகிறது. மணலில் மாங்கனீஸ் குறைந்தால் விதை தோல் வெடித்துப் பிளந்துவிடும், அது முளைக்காது. முதன்மைத் தண்டுக் காய்கள் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம் இருக்கும்போது மாங்கனீஸ் சல்பேட் தெளிக்கிறார்கள். அறுவடை எந்திரத்தை மெதுவாகச் சுற்றவிட்டு, அடிபடாத விதையைத் தனியாக எடுத்துவைத்து, விதைப்புக்கு முன் ஒரு மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். முளைப்புத் திறனோடு வெள்ளரி மொசைக் வைரஸும் இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். வைரஸ் விதை வழியாகப் பரவி, அசுவினி மூலம் வயல் முழுக்கப் போகும் என்பதால், அந்தச் சோதனையில் தேறாத விதையை விதைப்புக்கு வைத்துக்கொள்ளாமல் ஆட்டுத் தீவனத்துக்கு ஒதுக்கிவிடுகிறார்கள்.