உங்களுக்குத் தெரியுமா? முத்து உவமையும் முத்துக்குளித்துறையும்

நல்முத்துத் தேடிப் போன வணிகர் ஒருவர் விலையுயர்ந்த ஒரு முத்தைக் கண்டார். உடைமை எல்லாவற்றையும் விற்று அதை வாங்கினார். மத்தேயு 13:45-46 இவ்வளவுதான். இந்த உவமையைக் கிறிஸ்தவ மரபுகள் எப்படியெல்லாம் வாசித்திருக்கின்றன?

● நான்கு நற்செய்திகளில் மத்தேயுவில் மட்டுமே இது வருகிறது. இதற்கு முந்தைய வசனத்தில் புதையல் உவமை இருக்கிறது. புதையல் எதிர்பாராமல் கிடைக்கிறது. முத்தோ தேடியவருக்குக் கிடைக்கிறது. இரண்டு பேருமே உள்ளதையெல்லாம் விற்கிறார்கள்.

● 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஒரிஜென் தம் மத்தேயு விளக்கவுரையில், முத்துகளில் இந்திய முத்தே சிறந்தது என்று குறிப்பிடுகிறார். திருச்சட்டமும் இறைவாக்கினரும் பல நல்முத்துகள், அவை கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரே முத்து கிறிஸ்து என்பது அவர் வாசிப்பு.

● கீழைத் திருச்சபையின் பெரும் மறையுரையாளர் ஜான் கிறிசோஸ்தோம், முத்து கைக்குள் அடங்கிவிடுவதைக் கவனித்தார். வைத்திருப்பவருக்குத் தாம் செல்வந்தர் என்று தெரியும், பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. நற்செய்தியும் அப்படித்தான் என்றார்.

● எல்லாவற்றையும் விற்றால் மீட்பை விலைகொடுத்து வாங்கிவிடலாமா? 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின், இல்லை என்கிறார். பணமில்லாமல் வந்து வாங்கிக்கொள்ள அழைக்கும் எசாயா 55:1-ஐ அருகில் வைத்து, நித்திய வாழ்வு இலவசக் கொடை, அதற்குத் தடையாக நிற்பதை விட்டுவிடுவதே ‘விற்பது’ என்று விளக்கினார்.

● அமெரிக்காவின் ஸ்கோஃபீல்டு 1909-இல் வெளியிட்ட குறிப்புரை வேதாகமம் உவமையைத் தலைகீழாக வாசித்தது. வணிகர் கிறிஸ்து, முத்து திருச்சபை. தம்மையே விலையாகக் கொடுத்து அவர் அதை வாங்கினார். பிரதரன் சபையாரிடம் இந்த விளக்கம் பரவலாக உண்டு.

● இனி தூத்துக்குடியைச் சூழ்ந்த கடற்கரையான முத்துக்குளித்துறைக்கு வருவோம். தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில் தங்கிப் பணிசெய்தவர் இயேசு சபைக் குரு அண்ட்ரிக் அடிகளார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று, 16 பக்கம். 1586-இல் புனிதர்களின் வரலாறு வந்தது. ஜெபம், ஒப்புரவு, புனிதர் வாழ்வு ஆகியவற்றின் வழியாக வேதத்தை மக்களிடம் கொண்டுபோனது அன்றைய கத்தோலிக்க வழி. எல்லாவற்றையும் விற்றவர் எப்படி வாழ்வார் என்பதற்குப் புனிதரின் கதையே பதில்.

● வேதநூலையே விசுவாசியின் கையில் கொடுக்க வேண்டும் என்பது லூத்தரன் வழி. மிஷனரி சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1714 முதல் அச்சேறியது. இரண்டு வழியும் நமக்குத் தேவைப்பட்டன. இரண்டும் தமிழை வளர்த்தன.

● 1658-இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. கால்வின் மரபைச் சேர்ந்த அவர்கள் ஆட்சியிலும் கடலோர மீனவரும் முத்துக்குளிப்பவருமான பரதவர் கத்தோலிக்கத்தைக் கைவிடவில்லை. இன்று கடலோரத்தில் கத்தோலிக்கக் கோயில்கள். சற்று உள்ளே போனால் நாசரேத், மெஞ்ஞானபுரம் எனத் தென்னிந்தியத் திருச்சபை ஊர்கள். ஒரே உவமை இங்கே மறையுரையிலும் அங்கே பிரசங்கத்திலும் ஒலிக்கிறது.

● கத்தோலிக்க ஞாயிறு வாசகங்களில் இந்த உவமை மூன்றாண்டுக்கு ஒருமுறை, ஜூலை 24-க்கும் 30-க்கும் இடையில் வரும். தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாக் கொடி ஏறுவது ஜூலை 26. முத்துக்குளித்துறையில் முத்து உவமைக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் ஏது?

● தூத்துக்குடி முத்துக்குளிப்பில் கரைக்கு வந்த சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இருக்குமா, வெறும் சிப்பியா என்று தெரியாமலே வியாபாரி விலை கேட்டார். உவமை வணிகரோ முத்தைக் கண்ணால் கண்ட பிறகுதான் விற்கப் போனார். பேரின்பத்தைக் கண்டுவிட்டவர் கணக்குப் பார்ப்பதில்லை என்று இந்தக் கரையில் நின்று வாசித்தால் புரிகிறது.

● உவமையில் குளியாளி இல்லை. கல்லைப் பிடித்துப் சிப்பி விளையும் கடலடிப் பாருக்கு இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கி, கயிற்றை அசைத்து மேலே வருபவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவரைக் கண்டுகொண்டவர் 4-ஆம் நூற்றாண்டுச் சிரிய மரபுக் கவிஞர் புனித எஃப்ரேம். முத்தை உலகுக்குக் கொண்டுவந்தவர்கள் அரசர்கள் அல்லர், வெற்றுடம்போடு மூழ்கிய ஏழைகள். கிறிஸ்துவை உலகுக்குக் கொண்டுவந்த கலிலேய மீனவர்களுக்கு அவர்களே அடையாளம் என்று அவர் முத்துப் பாடல்களில் பாடினார்.

● இங்கே அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது. ஆனால் குளியாளிகளின் பேரப்பிள்ளைகள் இங்கேதான் கோயிலுக்கு வருகிறார்கள். ஒரிஜெனும் கால்வினும் சொன்னதோடு எஃப்ரேம் சொன்னதையும் அவர்கள் கேட்க வேண்டும். ஒரு மரபு விட்ட இடத்தை இன்னொரு மரபு நிரப்புகிறது; புன்னைக்காயல் மக்கள் தங்கள் தாத்தாமார் அனுபவத்திலிருந்து இந்த உவமைக்குச் சொல்லும் விளக்கமும் அந்த வரிசையில் இடம்பெறத் தகுந்ததே.