குற்றாலமலையின் மறைநூலகம்: சித்த மருத்துவ ஏடுகளும் பரிபாடை என்னும் பூட்டும்

முன்னுரை

தென்காசியை அடுத்த குற்றாலத்தில், செண்பகாதேவி அருவிக்கு மேலுள்ள காடுகளில் சித்தர்கள் இன்றும் உறைகின்றனர் என்பது மக்கள் நம்பிக்கை. அம்மலைத்தொடரின் தெற்கே உயர்ந்து நிற்கும் பொதியமலையை அகத்தியரின் இருப்பிடமாகத் தமிழ் மரபு போற்றுகிறது. அகத்தியர், போகர், தேரையர் முதலியோர் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்கள் பல. ஆயினும் அவற்றைப் படிப்போர் எல்லோரும் பொருள் உணர்ந்துவிட இயலாது. இம்மறைப்பின் காரணத்தையும், திறவுகோல் இழக்கப்படுவதால் நேரும் இடரையும் இக்கட்டுரை விளக்குகிறது.

காக்கப்பட்ட அறிவு

சித்த மருத்துவம் பாடாணங்களை 64 என வகுக்கும். அவற்றுள் இயற்கையில் கிடைக்கும் பிறவிப் பாடாணம் 32. செய்து பெறும் வைப்புப் பாடாணம் 32. பாதரசம், தாளகம் போன்றவை உரிய சுத்தி முறைக்கும் புடத்திற்கும் உட்பட்ட பின்னரே மருந்தாகக் கொள்ளப்படும். முறை பிழைத்தால் நஞ்சாகும். நெல்லை, குமரிப் பகுதிகளில் வழங்கும் வர்மக்கலையும் இத்தன்மையதே. தாக்கினால் உயிர்க்கு ஊறு செய்யும் இடங்களே மருத்துவத்திற்கும் உரியவை. ஆதலின் ஆசான்கள் மாணாக்கனின் இயல்பை நெடுங்காலம் நோக்கிய பின்னரே அவற்றைக் கற்பித்தனர்.

பரிபாடையின் இயல்பு

பரிபாஷை எனவும் வழங்கும் பரிபாடை, பழகிய சொல்லில் பழகாப் பொருளை வைப்பது. ‘இலிங்கம்’ என்பது வழிபாட்டுக்குரிய வடிவத்தை நினைவூட்டும். மருத்துவ நூலில் அது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கம். ‘நாபி’ கொப்பூழையும் குறிக்கும். கொடிய நஞ்சுடைய கிழங்கையும் குறிக்கும். ‘வீரம்’, ‘பூரம்’ இரண்டும் பாதரச உப்புகள். எனினும் முன்னது பன்மடங்கு கடுமையானது. ஓரெழுத்து வேறுபாடே உயிர்க்கும் இறப்புக்கும் இடைப்பட்ட எல்லையாகிறது. ‘முப்பு’ எது என்பதிலோ மருத்துவர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. பாடலை மனனம் செய்தவனுக்கும் ஆசானின் வாய்மொழி இன்றியமையாததாயிற்று.

திறவுகோலின் நிலை

அச்சு வந்தபின் ஏடுகள் நூல்களாகப் பரவின. வாய்மொழி விளக்கமோ அவற்றுடன் முழுமையாக அச்சேறவில்லை. இக்குறையை உணர்ந்து டி. வி. சாம்பசிவம் பிள்ளை தொகுத்த மருத்துவ அகராதி, ஒரு சொல்லின் பல பொருள்களையும் நிரல்படுத்தித் தந்தது.

பிற்காலத்தில் வேறொரு பூட்டும் தேவைப்பட்டது. மஞ்சளின் புண் ஆற்றும் பண்புக்கு 1995இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை, இந்தியாவின் எதிர்ப்பால் 1997இல் நீக்கப்பட்டது. இத்தகைய உரிமைக்கோரல்களைத் தடுக்க 2001இல் இந்திய அரசு மரபறிவு எண்ணிம நூலகத்தைத் தொடங்கியது. சித்த மருத்துவக் குறிப்புகளையும் கொண்ட இந்நூலகம், வெளியிடாமை ஒப்பந்தத்தின்பேரில் காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டுமே திறந்திருந்தது. பிற பயனர்க்கும் படிப்படியாகத் திறக்க 2022இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

முடிவுரை

சித்தர்களின் பூட்டு தகுதியற்ற கையிலிருந்து மக்களைக் காத்தது. அரசின் பூட்டு உரிமைத் திருட்டிலிருந்து அறிவைக் காக்கிறது. ஏட்டின் படிமம் மட்டும் எஞ்சி, அதனைப் பிரித்துணர்த்தும் மரபு மருத்துவர் மறைந்தால், இவ்விரு பூட்டுகளாலும் பயனில்லை. பொருள் தெரியாத மருத்துவப் பாடல், தவறான துணிவோடு படிப்பவர் கையில் ஊறு விளைப்பதும் கூடும். ஆதலின் ஏடுகளைப் படிமமாக்கும் பணியோடு, தென்காசி வட்டாரத்தில் வாழும் மரபு மருத்துவர்களின் விளக்கங்களை, அவர்தம் இசைவோடும் உரிமைப் பாதுகாப்போடும் பாடல்தோறும் பதிவு செய்தல் வேண்டும். ஏட்டைக் கரையான் அரிப்பதற்கு முன்னரே வாய்மொழி அழிந்துவிடலாம். எனவே இப்பணியே முதலில் செய்யத்தக்கது.