பழங்காசுகளின் வடுக்கள்

கிணறு வெட்டுகையிலும் வரப்புத் திருத்துகையிலும் மண்ணிலிருந்து பழங்காசுகள் வெளிப்படுவது நம் நாட்டில் புதிதன்று. கண்டெடுத்தவர் முதலில் செய்வது யாது? புளியும் சாம்பலும் இட்டுத் தேய்ப்பதே. அடுத்தது, தட்டாரிடம் கொண்டு செல்வது. இவ்விரண்டாலும் நேரும் இழப்பை ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் அறிந்திருத்தல் நலம்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய வட்டாரத்தில், தென்னங்கன்றுக்குக் குழி எடுத்த விவசாயி ஒருவர் சிறு கலயம் நிறையச் செப்புக்காசு கண்டார். செய்தியறிந்து நான் செல்வதற்குள் வீட்டார் அவற்றைப் பளபளவென்று துலக்கிவிட்டனர். ஒருபுறம் நின்ற உருவத்தின் கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. மறுபுறம் வெறும் வழவழப்பு. "அழுக்கைத்தான் தேய்த்தோம் ஐயா, எழுத்தும் கூடவே போய்விட்டது" என்றார் அவர். முதலாம் இராசராசனின் செப்புக்காசில் ஒருபுறம் நின்ற உருவமும், மறுபுறம் அமர்ந்த உருவத்துடன் நாகரி எழுத்தில் அவன் பெயரும் உண்டு. அவையும் அவ்வகையினவாக இருந்திருக்கலாம். இனி உறுதி கூற வழியில்லை.

களிம்பு என்று நாம் வெறுக்கும் பச்சைப் படலம் கெட்டியாக இருக்குமாயின், அது உள்ளிருக்கும் உலோகத்திற்குப் போர்வையாகும். பல காசுகளில் எழுத்தின் வடிவம் அப்படலத்திலேயே நிற்கிறது. புளியின் அமிலம் அதனைக் கரைக்கிறது. எஞ்சியதைச் சாம்பல் அராவிவிடுகிறது.

இனி, குறை என்று நாம் கருதும் வடுக்களைப் பார்ப்போம். 1898-ல் புதுக்கோட்டைச் சீமையில் கறுக்காக்குறிச்சி அருகே 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமீது குறுக்கே வெட்டு இருந்தது. தேய்ந்த காசு இனிச் செல்லாது என்று காட்டவே அக்காலத்தில் வெட்டினர் என்பர் சிலர். வேறு காரணம் கூறுவோரும் உளர். வெள்ளி முத்திரைக் காசுகளின் பின்புறத்தில் காணும் சிறு பொறிப்புகளும், கம்பெனி ரூபாய்களில் சராபுகள் இட்ட குறிகளும் இத்தகையனவே. காசு எத்தனை கை மாறியது, யார் அதனைச் சோதித்தார் என்பதற்கு அவை சாட்சி. வெள்ளி, செப்புக் காசுகளில் பழைய வெட்டின் உட்புறம் காசின் மேற்பரப்பைப் போலவே கறுத்திருக்கும். உள்ளே உலோகம் மின்னினால் அது அண்மையில் நேர்ந்த வெட்டு.

தட்டாரின் பற்றவைப்பு இதனினும் கொடிது. வளையம் வைக்கச் சூடேற்றும்போது விளிம்பின் எழுத்து உருகிப் பொடியில் மறைகிறது. என் பாட்டியாரின் காசுமாலையில் ஆண்டு படிக்கக்கூடிய காசு ஒன்றேனும் இல்லை! அரைஞாணில் கோப்பதும், நிலைப்படியில் ஆணியடித்துப் பதிப்பதும், உருக்கிச் செம்பு செய்வதும் அவ்வாறே.

மறைப்பதால் இலாபமும் இல்லை. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் அதன் தன்மை, அளவு, இடம், நாள் ஆகியவற்றைக் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவித்தல் வேண்டும். அரசு அதனை எடுத்துக்கொள்ளுமாயின், உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தருதற்கு அச்சட்டத்தில் இடமுண்டு. தெரிவிக்கத் தவறினால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் நேரலாம்.

ஆகவே காசு கிடைத்தால் கழுவ வேண்டா. மண்ணோடு நிழலில் உலரவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் பொதிந்து வையுங்கள். கலயத்தின் உடைந்த ஓடுகளையும் எறிந்துவிடாதீர்கள். புல எண்ணையும், எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது என்பதையும் அன்றே குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள்.