தேயிலை மலைக்காரர்கள் பார்க்க வேண்டிய ஆவணப்படங்கள்: யார் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் சுங்கை பாலாஸ் தோட்டத்துக்கு ஏறும் சாலையில் கார்கள் நகராது. கேமரன் மலையில் வாழ்கிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. வருகிறவர்கள் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். பச்சைச் சரிவு, மூடுபனி, தூரத்தில் கொழுந்து எடுக்கும் நான்கு பேர். அந்த நான்கு பேரிடம் பெயர் கேட்டவர்கள் குறைவு. படத்தில் அவர்கள் பேசுவதும் இல்லை.

ஆவணப்படம் பார்க்கச் சொன்னால் நம்மில் பலருக்குச் சிங்கம் மானைத் துரத்துவதுதான் நினைவுக்கு வரும். அல்லது பள்ளி மண்டபத்தில் போட்டு எல்லாரையும் தூங்க வைத்த ஏதோ ஒரு படம். ஆனால் தேயிலையையும் தோட்டத்தையும் தமிழரையும் பற்றி நல்ல ஆவணப்படங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தப் படத்தில் பேசுவது யார்? வேலை செய்கிறவரா, அவரைப் பற்றி வேறு யாரோவா?

இந்தக் கேள்வியோடு முதலில் பார்க்க வேண்டியது மிகப் பழைய படம் ஒன்று. 1934-இல் பேசில் ரைட் இயக்கிய ‘சாங் ஆஃப் சிலோன்’. தயாரித்தவர் ஜான் கிரியர்சன். பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலை விளம்பர வாரியம். ஆக, இது தேயிலை விற்பதற்காகப் பிறந்த படம். ஆனாலும் ரைட் அதை வெறும் விளம்பரமாக எடுக்கவில்லை. நாற்பது நிமிடத்துக்கும் குறைவான படத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்தார். பௌத்த யாத்திரை, கிராமத்து வேலைகள், வணிகம், மீண்டும் வழிபாடும் நடனமும். 1935-இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் முதல் பரிசும் வாங்கியது. உலகத் திரைப்படக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கிறது.

கறுப்பு வெள்ளையில் அவ்வளவு அழகான படம். அதை மறுக்க முடியாது. ஆனால் பின்னணியில் ஒலிப்பது, 17-ஆம் நூற்றாண்டில் கண்டி மன்னரின் கைதியாக இருந்த ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதிய புத்தகத்தின் வரிகள். வணிகப் பகுதியில் கேட்பது பங்கு விலை, கப்பல் புறப்பாடு, தொலைபேசி உரையாடல். கொழுந்து எடுக்கும் பெண்களின் கைகள் திரையில் வருகின்றன. அந்தப் பெண்கள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. தேயிலை வாரியம் பணம் போட்ட படத்தில் தேயிலை பறித்தவருக்குக் குரல் இல்லை. 1934-இல் இலங்கை மலையகத்தில் என்ன மொழி பேசப்பட்டது என்பதை இந்தப் படத்தை மட்டும் பார்த்தவர் கண்டுபிடிக்க முடியாது.

நம் நாட்டிலும் அதே காலத்து வழக்கம்தான். பிரிட்டிஷ் அரசின் கிரவுன் ஃபிலிம் யூனிட் எடுத்து 1948-இல் வந்த ‘வாய்சஸ் ஆஃப் மலாயா’ படத்தில் ரப்பர் தோட்டத் தமிழர்கள் வருகிறார்கள். பெயரிலேயே குரல்கள் என்று இருக்கிறது. ஆனால் படத்தின் நோக்கம் போருக்குப் பின் மலாயாவை மீண்டும் நிமிர்த்தியது யார் என்று லண்டனில் இருப்பவர்களுக்குச் சொல்வது. பழைய தோட்டத்தையும் பழைய முகங்களையும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அதற்காகவே பார்க்கலாம்.

கேமரன் மலையே வரும் படம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ‘ஹூ கில்ட் ஜிம் தாம்சன்’ இருக்கிறது. தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் பேர் பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26-ஆம் தேதி இங்குள்ள மூன்லைட் பங்களாவிலிருந்து நடக்கப் போனார். திரும்பவில்லை. போலீஸ், இராணுவம், ஒராங் அஸ்லி வழிகாட்டிகள் என்று நூற்றுக்கணக்கானவர்கள் தேடினார்கள். புலி, பொறிக்குழி, கடத்தல் என்று ஆளுக்கொரு காரணம் இன்றுவரை சொல்லப்படுகிறது. 2017-இல் வெளியான இந்தப் படம், அவரை மலாயா கம்யூனிஸ்டுகள் கொன்றார்கள் என்று வாதிடுகிறது. விறுவிறுப்பாகத்தான் போகிறது. ஒரு மாலைப்பொழுதுக்கு நல்ல படம். விருந்தாளியாக வந்து காணாமற்போன ஒருவருக்கு ஒரு படமே இருக்கிறது என்ற எண்ணமும் கூடவே வரும்.

இனி, பார்த்தே ஆக வேண்டிய இரண்டு படங்களுக்கு வருகிறேன்.

முதலாவது ஆர்.ஆர். சீனிவாசன் இயக்கிய ‘நதியின் மரணம்’. திருநெல்வேலி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைமேல் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பாம்பே பர்மா நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த நிலம். குத்தகை தொடங்கிய ஆண்டு 1929. நம் மலையில் ஜே.ஏ. ரசல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கியதும் அதே 1929. அங்கும் இங்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தமிழர்கள் காட்டைத் திருத்திச் செடி நட்டிருக்கிறார்கள்.

1999 ஜூலை 23-ஆம் தேதி, கூலி உயர்வும் சிறையில் இருந்த தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஒரு பேரணி திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போனது. போலீஸ் தடியடி நடத்தியது. தப்பிக்கத் தாமிரபரணிக்குள் இறங்கியவர்களையும் விடவில்லை. ஒரு குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். சம்பவத்தின் காட்சிகளையும் உயிர் பிழைத்தவர்களின் பேச்சையும் கொண்டு எடுக்கப்பட்டதுதான் ‘நதியின் மரணம்’. பார்க்கச் சுலபமான படம் இல்லை. சின்னப் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். ஆனால் ‘சாங் ஆஃப் சிலோன்’ பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். இங்கே பேசுகிறவர்கள் தோட்டத்துக்காரர்கள். நாம் வீட்டில் பேசுகிற தமிழுக்குப் பக்கத்தில் இருக்கும் தமிழ். நடுவில் நின்று விளக்கம் சொல்ல வேறொருவர் தேவைப்படவில்லை.

அந்தக் கதை அங்கே முடிந்துவிடவும் இல்லை. 2028-இல் குத்தகை முடியும் நிலையில், 2024-இல் நிறுவனம் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்துத் தோட்டத்தை விட்டு வெளியேறத் தொடங்கியது. பல தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில் நீதிமன்றம் வரை போனார்கள். ஓய்வு பெற்றதும் தோட்ட வீட்டைக் காலி செய்ய வேண்டிய கவலையை அறிந்த குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது, நாடோடிகள் கிரியேஷன்ஸ் குழுவினர் எடுத்த சயாம் - பர்மா மரண ரயில் பற்றிய ஆவணப்படம். ஜப்பானியர் காலத்தில், 1942-க்கும் 1943-க்கும் இடையில், தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். நேச நாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேல் அதில் வேலை வாங்கப்பட்டார்கள். ஆசியத் தொழிலாளர்களின் தொகை அதைப் போலப் பல மடங்கு. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏற்றிக்கொண்டு போகப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெரும் பங்கு. கைதிகளில் இறந்தவர்களுக்குப் பட்டியல் இருக்கிறது, காஞ்சனாபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம் ஆட்களுக்கு அப்படிப்பட்ட பட்டியல் கிடையாது. இறந்தவர் தொகையைக்கூட மதிப்பீடாகத்தான் சொல்கிறார்கள்.

உலகம் இந்த ரயிலை அறிந்தது 1957-இல் வந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ திரைப்படம் மூலம். இலங்கையில் கித்துல்கல என்ற ஊரில் எடுத்த படம். அதில் கதை முழுக்க வெள்ளைக்காரக் கைதிகளைச் சுற்றியே நடக்கும். தமிழ் ஆவணப்படம், உயிரோடு திரும்பிய முதியவர்களைத் தேடிப் போய்ப் பேச வைத்தது. அவர்களுக்கு அப்போதே மிகவும் வயதாகியிருந்தது. இன்னும் பத்தாண்டு தள்ளி எடுத்திருந்தால் கேட்பதற்கு ஆள் இருந்திருக்க மாட்டார்கள். நம் எழுத்தாளர் அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ நாவலைப் படித்தவர்களுக்குப் படம் இன்னும் நெருக்கமாக இருக்கும். படித்திராதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு நாவலைத் தேடலாம்.

இன்னும் சில. ஃபாஹ்மி ரெசாவின் ‘10 தாஹுன் செபெலும் மெர்டேக்கா’ 2007-இல் வந்தது, மலாய் மொழிப் படம், அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். சுதந்திரத்துக்குப் பத்து ஆண்டு முன்பே, 1947-இல், பல இன அமைப்புகள் சேர்ந்து ஒரு மக்கள் அரசமைப்பை எழுதி, அக்டோபர் 20-இல் நாடு தழுவிய கடையடைப்பு நடத்திய வரலாறு. அந்தக் கூட்டணியில் ம.இ.கா.வும் இருந்தது என்பது இன்று பலருக்குத் தெரியாது. இடைநிலைப்பள்ளி மாணவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். டென்மார்க் செய்தியாளர் டாம் ஹைன்மனின் ‘தி பிட்டர் டேஸ்ட் ஆஃப் டீ’, 2008-இல் வந்தது. தேயிலைப் பொட்டலத்தில் ஒட்டியிருக்கும் நியாய வணிக முத்திரை தோட்டத்துக்குள் எதை மாற்றியது என்று இலங்கை, வங்காளதேசம் உட்படப் பல நாடுகளுக்குப் போய்க் கேட்கிறது. நம் மலையில் இப்போது கொழுந்து எடுப்பவர்களில் வங்காளதேசத்தவர்கள் கணிசம் என்பதால் அந்தப் பகுதியை நான் கூடுதல் கவனத்தோடு பார்த்தேன்.

குழந்தைகளோடு உட்கார, கார்த்திகி கொன்சால்வெஸ் இயக்கிய ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’. முதுமலை யானை முகாமில் ரகு என்ற குட்டியை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியின் கதை. தமிழிலேயே பேசுகிறார்கள். 2023-இல் ஆஸ்கார் வாங்கியது, நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது. பின்னர் அந்தத் தம்பதிக்குச் சேர வேண்டிய பணம் குறித்துச் சட்ட நோட்டீஸ் வரை விவகாரம் போனது. படத் தரப்பு குற்றச்சாட்டை மறுத்தது. யாருடைய வாழ்க்கையைப் படம் எடுக்கிறோமோ அவருக்கு என்ன கிடைக்கிறது என்பதும் பேச வேண்டிய விஷயம்தான்.

கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ திரை கட்டிப் பத்துப் பேருக்குக் காட்டலாமே என்று தோன்றும். நல்ல யோசனை, ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2002-ஆம் ஆண்டு திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி, தணிக்கை வாரியத்தின் அனுமதி பெறாத படத்தைத் திரையிடுவது குற்றம். குறைந்தது 5,000 ரிங்கிட், அதிகபட்சம் 30,000 ரிங்கிட் அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இலங்கைப் போரின் கடைசி மாதங்களைக் காட்டும் ‘நோ ஃபயர் ஸோன்’ படத்தை 2013 ஜூலை 3-ஆம் தேதி கோலாலம்பூரில் திரையிட்டதற்காக, கோமாஸ் அமைப்பின் லீனா ஹென்ட்ரி இதே சட்டத்தில் குற்றஞ்சாட்டப்பட்டார். நடுவில் ஒருமுறை விடுதலையாகி, மேல்முறையீட்டில் வழக்கு மறுபடி உயிர்பெற்று, 2017-இல் 10,000 ரிங்கிட் அபராதத்தில் முடிந்தது. அதனால் பொதுத் திரையிடல் என்றால் முன்கூட்டியே அனுமதியைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பார்ப்பதென்றால் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பெரட்டுக்கு எழுந்தே பழகியவர்கள், ஒன்பது மணிக்கு மேல் விழித்திருக்க மாட்டார்கள். சாயங்காலமே போட்டுவிடுங்கள். ஆங்கிலப் படமாக இருந்தால் இடையிடையே நிறுத்தித் தமிழில் சொல்லுங்கள். எங்கேயாவது தாத்தாவோ பாட்டியோ, “இது சரியில்ல, எங்க தோட்டத்துல வேற மாதிரி” என்று ஆரம்பித்தால் படத்தை அப்படியே நிறுத்திவிட்டுக் கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்துங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தக் கங்காணி கூட்டி வந்தார், ரஜூலா கப்பலா வேறா, முதல் சம்பளம் எவ்வளவு, ஜப்பான்காரன் காலத்தில் வீட்டிலிருந்து யாராவது போனார்களா என்று கேளுங்கள். பதிவின் தொடக்கத்திலேயே அவருடைய முழுப் பெயர், தோட்டத்தின் பெயர், தேதி மூன்றையும் வாயால் சொல்ல வையுங்கள். கைப்பேசி தொலைந்தாலும் இருக்கும்படி இன்னொரு பிரதியை வேறு யாருக்காவது அனுப்பி வையுங்கள்.