கோப்புகளின் காலமுத்திரை

ஹைதராபாத் மாநகரில் சனத்நகரை அடுத்துள்ள பாலாநகரில் தேசியத் தொலையுணர்வு மையம் இயங்கி வருகிறது. 1974-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்த ஸ்தாபனம், 2008-ஆம் ஆண்டில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் மையங்களுள் ஒன்றாயிற்று. செயற்கைக்கோள்கள் அனுப்பும் செய்திகளை ஷாத்நகரிலுள்ள நிலையம் பெறுகிறது. அவை படங்களாக்கப்பட்டு, கோப்புகளாகப் பல துறைகளுக்கும் செல்கின்றன. வெள்ளம் எதுவரை பரவியது, எப்போது வடியத் தொடங்கியது என்பவற்றை இத்தகைய படங்களை ஒப்பிட்டு அறியலாம். எனவே, எந்தப் படம் முந்தியது, எது பிந்தியது என்பதில் ஐயம் இருத்தலாகாது.

கம்ப்யூட்டர் ஒவ்வொரு கோப்பின்மீதும் ஒரு காலமுத்திரையைப் பதிக்கிறது. இது கடித உறையின்மேல் தபால் நிலையம் இடும் முத்திரையை ஒத்தது. கடிதத்தை எழுதியவர் உள்ளே குறித்த தேதி வேறு. உறைமேல் விழும் தேதி வேறு. கோப்பு ஒரு யந்திரத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது இவ்விரண்டும் குழம்பிப்போக இடமுண்டு.

இதற்குக் காரணம், யந்திரங்கள் காலத்தைப் பதியும் முறைகள் வேறுபடுவதேயாகும். யூனிக்ஸ் முறை, 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளைச் சர்வதேசப் பொது நேரப்படி எண்ணுகிறது. விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். முறை, 1601 ஜனவரி 1 முதல், விநாடியில் கோடியில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு எண்ணுகிறது. பல பென் டிரைவ்களில் இன்றும் காணப்படும் ஃபாட் முறையோ உள்ளூர் நேரத்தையே பதிகிறது. எந்த ஊர் நேரம் என்பதைக் குறிப்பதில்லை. கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தையும் அது இரண்டு விநாடிகளுக்கு ஒன்றாகவே பதியவல்லது.

இந்திய நேரம் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. உதாரணமாக, இந்தியாவில் காலை 10.30 மணிக்கு ஃபாட் முறையில் பதிந்த கோப்பை, அந்நேரத்தைப் பொது நேரமெனக் கொள்ளும் யந்திரம் மாலை 4 மணிக்கு உரியதாகக் காட்டும். ஜூன் 10-ஆம் தேதி விடியற்காலை 3 மணி என்பது பொது நேரப்படி ஜூன் 9, இரவு 9.30 மணியாகும், தேதியே மாறிவிடுகிறது. இரு இடங்களிலுள்ள கோப்புகளைக் காலமுத்திரையால் ஒப்பிட்டுப் புதுப்பிக்கும் சாதனம், இந்தப் பொய்யான வேறுபாட்டை நம்பினால் பழைய கோப்பைப் புதியதன்மேல் எழுதிவிடக்கூடும்.

பிரதி எடுப்பதாலும் மாறுதல் உண்டாகும். விண்டோஸில் பிரதியின் திருத்திய நேரம் பழையதாகவே இருக்க, தோன்றிய நேரம் மட்டும் புதியதாகிறது. ஆகவே, தோன்றுமுன்னரே திருத்தப்பட்டது போன்ற விந்தை ஏற்படுகிறது. யூனிக்ஸில், நேரத்தைக் காக்குமாறு தனியே கட்டளையிடாவிடில், திருத்திய நேரமும் புதிதாகிவிடும்.

இத்தவறுகளைத் தவிர்க்கும் வழிகள் எளியவை. பிரதி எடுக்கையில் நேரத்தைக் காக்கும் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். இரு கோப்புகள் ஒன்றுதானா என்பதைக் காலமுத்திரையால் அன்றி, உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண்ணால் தீர்மானித்தல் நலம். எல்லாவற்றுக்கும் மேலாக, படம் எடுக்கப்பட்ட நேரத்தை, இந்திய நேரமா பொது நேரமா என்னும் குறிப்புடன், கோப்பின் உள்ளேயே எழுதிவைத்தல் அவசியம். தாழ்ந்த சுற்றுப்பாதையில் செல்லும் செயற்கைக்கோள் ஒரு விநாடியில் சுமார் ஏழு கிலோமீட்டர் கடந்துவிடுகிறது. அதன் கணக்கை உறைமேல் விழும் முத்திரையிடம் ஒப்படைத்தல் தகாது.