சாவிக்கொத்து யார் கையில் பாஸ்?

சனிக்கிழமை சாயங்காலம். அவிநாசி ரோட்டில் ஒரு பனியன் கம்பெனி. கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று எல்லா செக்‌ஷனிலும் வேலை முடிந்து, வாரச் சம்பளத்துக்காகக் காத்திருக்கிறார்கள். ஆபீஸ் ரூமில் மட்டும் ஒரே பதற்றம்! சம்பளக் கணக்கு இருக்கும் சர்வர் யாரையும் உள்ளே விடமாட்டேன் என்கிறது. யாரோ பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள். யாரு? கண்டுபிடிக்க வழியே இல்லை. ஏன்னா, அந்த ஒரே பாஸ்வேர்டு ஏழு பேருக்குத் தெரியும்!

இது கற்பனைக் காட்சிதான் ஃப்ரெண்ட்ஸ். ஆனா, படித்துக்கொண்டே பார்ட் டைமாக கம்பெனி கம்ப்யூட்டர்களைக் கவனிக்கிறவரா நீங்க? உங்க கைக்கும் இந்த பாஸ்வேர்டு ஒருநாள் வரும். “இந்தா கண்ணு, எல்லாத்தையும் நீயே பாத்துக்கோ” என்று முதலாளி ஒரு துண்டுச் சீட்டை நீட்டுவார். நீங்களும் “சரிங்கண்ணா” என்று பெருமையாக வாங்கிக்குவீங்க. வில்லங்கம் ஆரம்பிக்கிற இடமே அதுதான்!

அது என்ன வெப்மின்?

லினக்ஸ் சர்வரை மேய்க்க, கறுப்புத் திரையில் கமாண்ட் தட்டத் தெரிய வேண்டும். ‘அதெல்லாம் நமக்கு வராதுப்பா’ என்பவர்களுக்காக ஆஸ்திரேலியாவின் ஜேமி கேமரூன் 1997-ல் வெளியிட்ட இலவச சாஃப்ட்வேர்தான் வெப்மின். பிரவுசரில் சர்வரின் முகவரியோடு 10000 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்துத் தட்டினால் போதும். யூசர் சேர்ப்பது, பேக்கப் எடுப்பது, டேட்டாபேஸ் பார்ப்பது என்று எல்லாமே மவுஸ் க்ளிக்கில் முடிந்துவிடும்.

சௌகரியம்தான். ஆனா ஒரு விஷயத்தை மறந்துடாதீங்க. வெப்மின் ஓடுவது ‘ரூட்’ அதிகாரத்தில். அதாவது, சர்வரின் மொத்த சாவிக்கொத்தும் அதன் இடுப்பில். அந்த பாஸ்வேர்டை ஏழு பேருக்குக் கொடுப்பது, குடோன் சாவியை ஏழு காப்பி போட்டு விநியோகிப்பதற்குச் சமம்!

அவங்கவங்க மேசைக்கு மட்டும்...

உங்க கம்பெனியையே பாருங்க. ஓவர்லாக் டெய்லர் கட்டிங் மெஷினைத் தொடமாட்டார். கட்டிங் மாஸ்டர் கணக்குப் பெட்டியைத் திறக்கமாட்டார். அதே நியாயம்தான் சர்வருக்கும்.

‘வெப்மின் யூசர்ஸ்’ என்ற பகுதிக்குப் போங்க. ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனி பாஸ்வேர்டு கொடுங்க. வெப்மினில் ஒவ்வொரு வேலையும் ஒரு ‘மாட்யூல்’. யாருக்கு எந்த மாட்யூல் தேவையோ, அதை மட்டும் டிக் பண்ணுங்க. பல மாட்யூல்களுக்குள்ளேயும் ‘இதைச் செய்யலாம், அதைச் செய்யக் கூடாது’ என்று எல்லை போட முடியும். ஒரே வேலை பார்க்கிறவர்கள் நாலு பேர் இருந்தால், ஒரு குரூப்பில் போட்டால் வேலை மிச்சம்.

அதே இடத்தில் இன்னும் சில பூட்டுகள் இருக்கு. எந்த ஐ.பி. முகவரியிலிருந்து வரலாம், எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்றெல்லாம் வரையறுக்கலாம். ஷிஃப்ட் முடிந்த பிறகு லாகின் ஆகவே முடியாது! பாஸ்வேர்டோடு செல்போனில் வரும் எண்ணையும் கேட்கும்படி இரட்டைப் பூட்டும் போடலாம்.

தனிப் பெயர் கொடுப்பதில் இன்னொரு லாபம்... ‘ஆக்‌ஷன்ஸ் லாக்’. யார், எப்போது, எங்கிருந்து, எதை மாற்றினார் என்று வெப்மின் அதில் குறித்து வைக்கும். எல்லாரும் ‘ரூட்’ என்றே நுழைந்தால், அந்தக் குறிப்பிலும் ‘ரூட்’ என்றுதான் இருக்கும். தப்பு செய்தவர் தப்பிக்க, நீங்க மாட்டிக்குவீங்க!

குட்டிச் சாவி... பெரிய பூட்டு!

இங்கேதான் பலரும் ஏமாறுவாங்க. ‘ஃபைல் மேனேஜர் மட்டும்தானே கொடுத்தேன்?’ என்பார்கள். ரூட் அதிகாரத்தோடு ஃபைல்களைத் திருத்த முடிந்தால், சர்வரையே தன் வசமாக்கிவிடலாம். ‘கமாண்ட் ஷெல்’, ‘க்ரான் ஜாப்ஸ்’ ரெண்டும் இதே ரகம். ‘வெப்மின் யூசர்ஸ்’ கிடைத்தவரோ, தனக்குத் தானே எல்லா அதிகாரமும் எழுதிக்கொள்ளலாம். பார்க்கக் குட்டிச் சாவி, திறப்பதோ முழு குடோன். கொடுக்கும் முன் ரெண்டு தடவை யோசிங்க!

2019 தந்த ஷாக்

யூசர்களை ஒழுங்காகப் பிரித்துவிட்டால் நிம்மதியா? அதுவும் போதாது. 2018-ல் வெப்மினைத் தயாரிக்கும் கம்ப்யூட்டருக்குள்ளேயே யாரோ புகுந்து, நிரலில் ஒரு கள்ளக் கதவை வைத்துவிட்டார்கள். 1.890 முதல் 1.920 வரையிலான பதிப்புகளில் அது இருந்தது. 1.890-ல், எந்த செட்டிங்கும் மாற்றாமலே, பாஸ்வேர்டு தெரியாதவர்கூட சர்வரில் கமாண்ட் ஓட்டலாம் என்ற நிலை! கிட்ஹப்பில் இருந்த மூல நிரல் சுத்தமாக இருந்ததால், விஷயம் 2019 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. உடனே 1.930 பதிப்பில் சரிசெய்தார்கள்.

பாடம் ரெண்டு. ஒண்ணு, அப்டேட்டைத் தள்ளிப் போடாதீங்க. ரெண்டு, 10000-வது கதவை இன்டர்நெட்டுக்கே திறந்து வைக்காதீங்க. கம்பெனி நெட்வொர்க்குக்குள்ளோ, வி.பி.என். வழியாகவோ வருபவர்களுக்கு மட்டும் திறங்க.

வேலையை விட்டால்... சாவியையும் விடு!

திருப்பூரில் கம்பெனி மாறுவது சகஜம். ஆள் போன அன்றைக்கே அவர் கணக்கை மூடணும். வெப்மின் லிஸ்ட்டில் பெயரை அழித்தால் மட்டும் போதாது. சர்வரில் அவருக்கு ‘சுடோ’ அதிகாரம் இருந்தால், பல சர்வர்களில் அதை வைத்தே வெப்மினுக்குள் நுழைந்துவிடலாம். எஸ்.எஸ்.எச். சாவியையும் மறக்காமல் எடுங்க.

நீங்களே வேலையை விட்டாலும் இதைக் கேட்டு வாங்குங்க. “அண்ணா, என் கணக்கை மூடிடுங்க. ரூட் பாஸ்வேர்டையும் மாத்திடுங்க.” இது பெருந்தன்மை இல்லை பாஸ், பாதுகாப்பு! ‘சும்மா பார்த்தேன்’ என்று பழைய பாஸ்வேர்டில் நுழைந்தாலும் தப்புதான். அனுமதியில்லாமல் ஒரு கம்ப்யூட்டருக்குள் புகுவதை, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-வது பிரிவு தடுக்கிறது. கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66-வது பிரிவின்படி 3 வருடம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது ரெண்டுமே கிடைக்கலாம். டிகிரி வாங்கும் முன்பே இது தேவையா?

அடுத்த முறை யாராவது துண்டுச் சீட்டை நீட்டினால், வாங்கிப் பையில் போடாதீங்க. “எனக்குன்னு தனியா ஒரு கணக்கு போட்டுக் குடுங்கண்ணா. எனக்குத் தேவையானது மட்டும் போதும்” என்று சொல்லிப் பாருங்க. முதலாளி முதலில் முழிப்பார். ஏதாவது ஒரு சனிக்கிழமை சர்வர் மக்கர் பண்ணும்போது, நீங்க சொன்னதன் அருமை அவருக்குப் புரியும்.