மாதவிடாய் நின்றபின் இரத்தம் பட்டால்: ஸ்கான் என்ன சொல்லும்?

மாதவிடாய் தொடர்ந்து 12 மாதங்கள் வராவிட்டால் அது நின்றுவிட்டதாக வைத்தியர்கள் கொள்கின்றனர். அதன் பின்னர் ஒரு சிறு கறை பட்டாலும் அது காரணம் கண்டறியப்பட வேண்டிய அறிகுறியாகும்.

எமது பெண்கள் பலர் இதனை வெளியில் சொல்வதில்லை. யுத்தத்தில் கணவனை இழந்து குடும்பத்தைத் தனித்துச் சுமப்பவர்களுக்குக் கிளினிக் நாள் என்பது கூலி இழக்கும் நாள். ஆனால் இவ்வாறு இரத்தம் படுபவர்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்குக் கருப்பையின் உட்படலத்தில் புற்றுநோய் இருக்கக்கூடும். ஆரம்பத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலானோரைக் குணப்படுத்தலாம். ஏனையோருக்குப் பெரும்பாலும் உட்படலம் மெலிதல், பொலிப் எனும் சதை வளர்ச்சி போன்றவையே காரணம்.

இதனைப் பிரித்தறிய முதலில் உதவுவது யோனிவழி ஸ்கான். உறையிட்ட மெல்லிய கருவி மூலம் உட்படலத்தின் தடிப்பை அளப்பார்கள். கதிர்வீச்சு இல்லை, சில நிமிடங்களே எடுக்கும். தடிப்பு 4 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைவென்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு நூறில் ஒன்றுக்கும் குறைவு. கூடுதலாக இருந்தால் புற்றுநோய்தான் என்று அர்த்தமல்ல. உட்படலத்தில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பார்கள். தடிப்பு குறைவாக இருந்தும் மீண்டும் இரத்தம் பட்டால் திரும்பவும் செல்லுங்கள்.

மாதவிடாய் இன்னும் முற்றாக நிற்காதவர்களுக்கு இந்த 4 மில்லிமீற்றர் கணக்குப் பொருந்தாது. அவர்களது உட்படலம் மாதச் சுழற்சியோடு தடித்து மெலியும். அவர்களில் ஸ்கான் பைப்ரொயிட் கட்டி, பொலிப் என்பவற்றைக் காட்டும். 45 வயதுக்கு மேல் இரத்தப்போக்கு அதிகரித்தாலோ, இடையிடையே பட்டாலோ துண்டுப் பரிசோதனையும் தேவைப்படலாம். மார்பகப் புற்றுநோய்க்குத் தமொக்ஸிபென் எடுப்பவர்கள் அதனைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அம்மருந்து உட்படலத்தைத் தடிப்பாகக் காட்டக்கூடும்.

சுகவனிதையர் கிளினிக்கில் செய்த பப் பரிசோதனை சரியாக இருந்தது என்று ஆறுதல்படவும் முடியாது. அது கருப்பைக் கழுத்துக்கான பரிசோதனை.

உடலைத் தொடுவதே அச்சமூட்டும் அனுபவங்களைச் சுமப்பவர்கள் எம்மிடையே உள்ளனர். அருகில் பெண் தாதி ஒருவர் இருக்க வேண்டுமெனக் கேளுங்கள். எந்த நேரத்திலும் நிறுத்தச் சொல்லலாம். விரும்பாவிட்டால் வயிற்றின் மேலால் ஸ்கான் செய்யலாம். தெளிவு சற்றுக் குறையும்.

உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், அல்லது அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கிருந்து பெண்நோயியல் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். இரத்தம் பட்ட திகதிகளையும் எடுக்கும் மருந்துகளையும் எழுதிக்கொண்டு போங்கள்.